கண்டி வீதியில் ஒரு மஞ்சள் விளக்கு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பாதையைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் குறைவு. புகையிரதப் பிரயாணத்தை வர்ணித்தோர் உளர். இரவு பஸ்ஸில் படும் அவஸ்தையை நகைச்சுவையாக எழுதினோர் உளர். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சுகளோடு காத்து நின்ற கதையை எழுதினோர் பலர். ஆயின், அதே பாதையை ஒரு பழைய காரின் முகப்புப் பலகையில் எரியும் சிறு விளக்குகளிலே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கடப்போரின் தொகை இக்காலத்தில் மிகப் பெருகிவிட்டது. அவர்கள் பக்கத்தையும் சற்றே எழுதிவைக்கலாமென்று தோன்றியது.

இத்தொகை பெருகியதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மறுபடியும் வழி திறந்தது. அதுவும் பெரும் வரியோடு. இடைப்பட்ட காலத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே கைமாறின. வாங்கிய விலைக்கு மேலாகவே விற்கலாம் என்ற விசித்திரமான நிலைமையும் தோன்றியது. மத்தியதரக் குடும்பமொன்று காப்பை அடகு வைத்து, வங்கியிலே கடன் பெற்று, பத்து வருஷம் ஓடிய காரொன்றை வாங்குவது சாதாரண விஷயமாயிற்று. விற்பவர் பதிவுப் புத்தகத்தைத் தருவார். இரண்டாவது திறப்பைத் தருவார். மேலதிக ரயரையும் எடுத்துக் காட்டுவார். வண்டிக்குள்ள வருத்தத்தை மாத்திரம் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதை விளக்குகளிடமிருந்துதான் கேட்டறிய வேண்டும்.

2025 பங்குனி மாதத்தில் நாங்கள் பிரயாணஞ் செய்த கார் ஜப்பானில் ஆக்கப்பட்டது, சிறியது, மூன்று சிலிண்டர் கொண்ட 1,000 சி.சி. எஞ்சின். எங்கள் கைக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் யாழ்ப்பாணத்து வீட்டில் என் தந்தையாரின் திவசம். திதியைத் தள்ளிப் போட இயலாது. கிரியை செய்ய வேண்டியவன் மூத்த மகனாகிய நான். எழுபது கடந்த என் தாயாருக்கு இரவு பஸ்ஸும் ஒத்துவராது. ஆகவே எப்படியும் பொழுதுபடுமுன் வீடு சேர்ந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. நான்கு ரயர்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, விபூதி சாத்தி, விடிவதற்கு முன்பாகவே நான்கரை மணிக்குப் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. எலுமிச்சம்பழத்துக்கு அடுத்ததாக அதைச் சொல்லலாம். திறப்பைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் அந்த நிலையிலேயே சில விநாடிகள் நிறுத்தவேண்டும். அப்பொழுது முகப்புப் பலகை தீபாவளி போல ஒளிரும். இது வண்டியின் கணினி தன் விளக்குகளைத் தானே பரீட்சித்துப் பார்க்கும் நேரம். பல விளக்குகள் சில விநாடிகளில் தாமாகவே அணைந்துவிடும். ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் எஞ்சின் இயங்கத் தொடங்கிய பின்னரே அணையும். எஞ்சின் உருவங்கொண்ட மஞ்சள் விளக்கும் அப்படியே. பழைய கார் வாங்குவோர் பெரும்பாலும் எரிகின்ற விளக்கைக் கண்டு அஞ்சுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த முதற் பரீட்சையில் எரியாத விளக்குக்கே அதிகம் அஞ்சவேண்டும். எரியவேண்டிய நேரத்தில் எரியாவிடின், பல்ப் பழுதாகியிருக்கலாம். அல்லது அது எரியக்கூடாதென்று விரும்பிய ஒருவர் அதைக் கழற்றியிருக்கலாம். கறுப்பு நாடா ஒட்டி மறைத்திருக்கலாம்.

இன்னுமொரு தந்திரமும் உண்டு. விபத்தில் மோதுண்ட காரில் காற்றுப்பை விரிந்துவிட்டால் புதியது பொருத்தப் பெருஞ்செலவு பிடிக்கும். செலவைச் சேமிக்க விரும்புவோர் பையைப் பொருத்தாமல், எஸ்.ஆர்.எஸ். என்னும் காற்றுப்பை விளக்கின் கம்பியை ஒயில் விளக்கின் கம்பியோடு இணைத்துவிடுவதுண்டு. திறப்பைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் இயங்கியதும் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. உண்மையான காற்றுப்பை விளக்கு எஞ்சினை இயக்காவிட்டாலும் ஏறக்குறைய ஆறு ஏழு விநாடிகளில் தானாகவே அணைந்துவிடும். ஒயில் விளக்கு அணையும் அதே கணத்தில் அதுவும் சேர்ந்து அணைந்தால், அங்கே ஏதோ கைவேலை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் காரில் அது சரியாகவே அணைந்தது. பின்னாசனத்திலிருந்து என் பிள்ளைகள் இருவரும் விநாடியை உரக்க எண்ணினார்கள்.

எஞ்சின் இயங்கியதும் ஒரு பெண்குரல் மிகப் பணிவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிற்று. மூன்று நாளாக இது நடந்து வந்தது. அம்மா அதைக் கேட்டு, "பாவம், அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் என்னவோ கேக்குது, ஒருத்தரும் மறுமொழி சொல்லுறேல்லை" என்றார். அவள் கேட்பது பெரிய விஷயமன்று. ஜப்பானின் அதிவேக வீதிகளில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்று நினைவூட்டுகிறாள். கடல் கடந்து வந்த பின்னும் கடமை தவறாத சீவன். அதே நேரத்தில் நீல நிறத்தில் ஒரு வெப்பமானி விளக்கும் எரிந்தது. அதைக் கண்டு வண்டியைக் கராச்சுக்குக் கொண்டோடியோரை நான் அறிவேன். சிறிய கார்கள் பலவற்றில் வெப்பங்காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீலம் எரியும், சூடேறியதும் அணையும், அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் சிவப்பாகும். நீலத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சில நிமிஷம் எஞ்சினை இரையவிடாமல் மெதுவாக ஓட்டினால் போதும்.

நிறங்களுக்கு உலகமெங்கும் ஒரே பொருள்தான். பச்சையும் நீலமும் செய்தி சொல்வன. மஞ்சள், விரைவில் கவனி என்பது. சிவப்பு, நில் என்பது. இவ்வளவும் தெரிந்தவர் பாதிப் பயத்தைக் கடந்தவராவார். மற்றப் பாதி வீதியிலே தெரியவரும்.

தம்புள்ளை வரையில் சொல்ல அதிகமில்லை. கஜுகமப் பெண்கள் அந்த இருளிலேயே கடை விரித்திருக்கவில்லை என்பதில் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அம்பேபுஸ்ஸையில் கண்டிப் பாதையை விட்டு இடப்புறம் திரும்பி, குருநாகலின் யானைமலை விடியற்காலைப் புகாரில் முதுகு காட்ட, தென்னந்தோட்டங்களூடே ஓடினோம். தம்புள்ளையில் மரக்கறி லொறிகளின் கூட்டத்தினருகே நிறுத்தி, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டு, எட்டரை மணியளவில் மறுபடியும் எஞ்சினை இயக்கினோம். இந்த நிறுத்தத்தை நினைவில் வைத்துக் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மிரிஸ்கோனியாவுக்கு அப்பால் ஏ-9 வீதி. யாழ்ப்பாணத்தார் இன்றும் இதைக் கண்டி வீதியென்றே சொல்வார்கள். கெக்கிராவை, மரதன்கடவளை, திறப்பனை என்று குளத்து நாட்டின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பங்குனி வெயில் அதற்குள்ளேயே தார்மேல் நீர் போலத் துள்ளத் தொடங்கிவிட்டது. திறப்பனை கழிந்து ஒரு லொறியை முந்துவதற்காக வேகத்தை ஏற்றினேன். வண்டி ஓரிரு தரம் விக்குவது போல அதிர்ந்தது. அதே கணத்தில் முகப்புப் பலகையில் எஞ்சின் உருவங்கொண்ட மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. லொறியின் பின்னாகவே ஒதுங்கிக் காலைத் தளர்த்தினேன். மின்னுதல் நின்றது; விளக்கு மாத்திரம் நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பமுண்டு. இந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடுமாயின், நிதானமாக ஓட்டிச் சென்று இயன்ற விரைவில் பரிசோதிக்கலாம். மின்னினால், சிலிண்டர் ஒன்றில் பெற்றோல் பற்றாமல் வெளியேறுகிறது என்பது கருத்து. எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரினுள் சென்று அங்கே எரியும். அந்தச் சிறிய பாத்திரத்தினுள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. தங்கத்தோடு ஒப்பிட்டு விலை பேசப்படும் சரக்கு அது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளே உருகி அடைத்துப்போம், வண்டியும் இழுக்காது, மாற்றுவதற்கான செலவு குடும்பத்தை உலுக்கும். ஆகவே மின்னும் விளக்கோடு வேகமாக ஓட்டுவது காசை வீதியிலே கொட்டிக்கொண்டு போவதற்குச் சமானம்.

மிகிந்தலையில் வீதியோரத்து மரநிழலொன்றில் நிறுத்தினேன். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாமல் கல்லுத் தரையாகப் பார்த்தே நிறுத்தினேன். சூடேறிய கொன்வேற்றர் பங்குனிப் புல்லைப் பற்றவைக்க வல்லது. மலைமேல் மகா சேயாவின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. மகிந்த தேரர் தேவநம்பிய தீசனைச் சந்தித்த மலையென்று பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்ல ஏற்ற இடந்தான். ஆயினும் அன்று யாருக்கும் சரித்திரத்தில் மனம் செல்லவில்லை.

"தம்பி, வண்டிக்குச் சுகமில்லையோ?" என்றார் அம்மா.

"இஞ்சேருங்கோ, அநுராதபுரத்துக்குத் திருப்பினால் என்ன? நாளைக்குத் திவசம். நடுக்காட்டிலை நிண்டு போனால் என்ன செய்யிறது?" என்றாள் மனைவி. அவள் கேள்வி நியாயமானது. அநுராதபுரம் மேற்கே அண்மையில். வவுனியா வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வவுனியாவுக்கு அப்பால் காடு.

தீர்மானிப்பதற்கு முன் மற்ற விளக்குகளை வரிசையாகப் பார்த்தேன். மஞ்சளுக்கு அவகாசம் கேட்கலாம். சிவப்புகளில் ஒன்றாவது எரிந்திருந்தால் அங்கிருந்து ஓரடியும் நகர்ந்திருக்க முடியாது. அவற்றுள் முதன்மையானது எண்ணெய்க் குவளை போன்ற ஒயில் விளக்கு. அது காட்டுவது ஒயிலின் அளவையன்று, அதன் அழுத்தத்தை. எஞ்சினுக்குள்ளே உலோகத்தை உலோகம் உரசாமல் காப்பது அழுத்தத்தோடு ஓடும் அந்த எண்ணெய்ப் படலமே. ஓடும்போது அவ்விளக்கு எரியுமானால் படலம் அறுந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். அடுத்த சந்தி வரையில் போகலாம், அந்தப் பெற்றோல் நிலையம் வரையில் போகலாம் என்று எண்ணுதல் கூடாது. ஓரமாக ஒதுக்கி உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும்.

வெப்ப விளக்கு சிவந்தாலும் நிறுத்தவேண்டும். ஆனால் றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது. மூடிய குழாய்களில் அழுத்தத்தோடு இருக்கும் நீர் நூறு பாகைக்கு மேலாகவும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் பீறிடும். இப்படி வெந்துபோன கைகளையும் முகங்களையும் வீதியோரக் கராச்சுகளில் பணி செய்வோரிடையே காணலாம்.

பற்றரி விளக்கின் குணம் வேறு. பெயர் பற்றரியாயினும் குற்றம் பெரும்பாலும் மின்சாரம் ஊட்டும் ஆல்ற்றனேற்றரிலோ அதைச் சுழற்றும் பட்டியிலோ இருக்கும். பட்டி அறுந்திராவிட்டால், குளிர்சாதனத்தையும் வானொலியையும் நிறுத்திவிட்டு, பற்றரியில் மிஞ்சியுள்ளதைக் கொண்டு சிறிது தூரம் போய்ச் சேரலாம். இடையில் எஞ்சினை நிறுத்தக்கூடாது; நிறுத்தினால் மறுபடி இயங்காது. பட்டியே அறுந்திருந்தாலோ, சில வண்டிகளில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதும் அதே பட்டியாதலின், சிறிது நேரத்தில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். பிரேக் விளக்கு சிவந்தால் முதலில் கைப்பிரேக்கைப் பார்க்க வேண்டும். அது இறக்கியிருந்தும் விளக்கு எரிந்தால் பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது. அதோடு ஓட்டுவது தற்கொலைக்கு நிகர்.

எங்கள் பலகையில் சிவப்பு ஒன்றுமில்லை. மஞ்சள் ஒன்று, அதுவும் மின்னாமல். வண்டியின் கீழே ஒழுக்கில்லை, தீய்ந்த மணமில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டு, குளிர்சாதனத்தை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் வடக்கு நோக்கியே செலுத்துவதென்று முடிவு செய்தேன். விளக்கு மறுபடியும் மின்னுமானால் அவ்விடத்திலேயே நிறுத்தி, ஒரு வானைப் பிடித்து அம்மாவை அனுப்பிவிடுவதென்று மனைவிக்கு வாக்களித்தேன். வெயிற் காற்று முகத்தில் அடிக்க அடிக்க அம்மா, "இதுதான் காத்து, அந்தக் குளிர்ப்பெட்டியாலை வாறது காத்தே?" என்று சந்தோஷப்பட்டார். ரம்பாவை, மதவாச்சி என்று ஊர்கள் மெல்ல மெல்ல வந்தன. பின்னாலே வந்தவர்களெல்லாம் கோர்ண் அடித்தார்கள். என் கண் பாதி வீதியிலும் பாதி அந்த மஞ்சள் பொட்டிலும் இருந்தது. அது மின்னவில்லை.

வவுனியா நகரை அணுகுமுன் வீதியோரத்தில் தகரக் கூரையிட்ட ஒரு கராச்சு. அறுபது தாண்டிய மெக்கானிக் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணை என்று அழைத்து நடந்ததைச் சொன்னேன். பொனற்றைத் திறப்பார் என்று நினைத்தால், அவர் ஒரு சிறிய ஸ்கானர் கருவியோடு சாரதி ஆசனத்தருகே குந்தினார். அண்மைக் காலத்துக் கார்களில் ஸ்ரியறிங்கின் கீழே முழங்காலுக்கு நேராகப் பதினாறு துளைகள் கொண்ட செருகி ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுக் கார்கள் முதலாக அது கட்டாயம். வண்டியின் கணினி தான் கண்ட குற்றங்களை இலக்கமிட்டு நினைவில் வைத்திருக்கும். செருகியில் கருவியைப் பொருத்தினால் வாசிக்கலாம்.

"பி 0303" என்றார் அண்ணை. "மூண்டாவது சிலிண்டர் மிஸ் பண்ணுது, மாஸ்டர்."

இதன் பின் அவர் செய்ததே நான் மெச்சிய காரியம். இலக்கம் குற்றம் நிகழும் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பிளக் ஆகலாம், தீப்பொறி தரும் கொயில் ஆகலாம், பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்ரர் ஆகலாம், எஞ்சினுக்குள்ளேயே கோளாறாகலாம். இலக்கத்தைக் கண்டதும் மூன்றையும் மாற்றச் சொல்லிச் சீட்டெழுதும் கராச்சுகள் உண்டு. அண்ணையோ மூன்றாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி முதலாவதில் வைத்தார். முதலாவதன் கொயிலை மூன்றாவதில் வைத்தார். நினைவை அழித்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு வீதியில் சிறிது தூரம் ஓட்டினார். வண்டி விக்கியது. திரும்பி வந்து வாசித்தபோது இலக்கம் பி 0301 ஆகிவிட்டது. கொயில் போன இடத்துக்குக் குற்றமும் கூடவே போயிருந்தது. ஒரு ரூபா செலவில்லாமல் நோய் தெரிந்துவிட்டது. சூடேறினால் அறிவு மயங்குகிற கொயில். அதனாற்றான் கொழும்பின் குறுகிய ஓட்டங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் நினைவை அழிக்குமுன் எனக்கு ஒன்று காட்டினார். பல வண்டிகளின் கணினி, குற்றப் பதிவு கடைசியாக அழிக்கப்பட்ட பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்றும் கணக்கு வைத்திருக்கும். எல்லா வண்டியும் சொல்வதில்லை, எங்களது சொன்னது. கருவியில் 291 என்றிருந்தது. காரைப் பொறுப்பேற்ற அன்று மைல்மானியில் 84,612 என்றிருந்ததை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். கராச்சில் நின்றபோது 84,900. ஆக, எங்கள் கையில் ஓடியது 288. மிகுதி மூன்று கிலோமீற்றர். அதாவது, வண்டி எங்களிடம் ஒப்படைக்கப்படுவதற்கு மூன்று கிலோமீற்றருக்கு முன்னர் யாரோ கருவியைச் செருகி, எரிந்துகொண்டிருந்த விளக்கை அழித்திருக்கிறார்.

"இது எரிஞ்சது நல்லது, மாஸ்டர்," என்றார் அண்ணை. "நல்ல விளக்கு. சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டுது."

அழித்த விளக்கு ஏன் உடனே மறுபடி எரியவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். கணினி ஒரு நீதவானைப் போன்றது. பெரும்பாலான குற்றங்களை ஒரு பிரயாணத்தில் ஒரு தரம் கண்டால் குறித்து மாத்திரம் வைத்துக்கொள்ளும். அடுத்த பிரயாணத்திலும் அதே குற்றத்தைக் கண்டாலே விளக்கை ஏற்றும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அதன் கணக்கில் அது வேறு பிரயாணம். தம்புள்ளையில் இடியப்பம் சாப்பிட நிறுத்தினோமல்லவா? அதற்கு முன்னரே கணினி எதையோ கண்டு குறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும். விளக்குகள் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைவதைப் பார்ப்பது போதாது. ஸ்கானர் கருவியுள்ள ஒருவரையும் அழைத்துச் செல்லவேண்டும். குற்ற இலக்கம் ஒன்றுமில்லை என்று கருவி சொன்னால் அதோடு திருப்தியடையாமல், கணினி தன் சுய பரீட்சைகளை முடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லவேண்டும். பதிவை அழித்தால் அந்தப் பரீட்சைகளும் அழிந்து, பல நாள் ஓட்டத்தின் பின்னரே மறுபடி நிறைவேறும். பாதிக்கு மேல் நிறைவேறாமல் இருக்குமானால், அண்மையில் பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது பதிவு துடைக்கப்பட்டிருக்கிறது. துடைத்த பலகை சுத்தமாயிருப்பதில் அதிசயமென்ன?

பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய நல்ல கொயில் ஒன்று அண்ணையிடம் இருந்தது. அதைப் பூட்டும்போது அவர் தம் பழங்கதையைச் சொன்னார். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாத நாட்களில், மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் அவர். சில துளி பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் அடுப்படி மணமுமாக இருக்கும். அக்கார்களின் பலகையில் இருந்தவை இரண்டு மூன்று விளக்குகளே. அவையும் பலவற்றில் எரிவதில்லை. "அப்ப காதுதான் விளக்கு," என்றார். இப்போதைய எஞ்சின்கள் இரையாமல் ஓடுவதால் காதுக்கு வேலை குறைந்துவிட்டதென்பது அவருடைய மனக்குறை. கருவியைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றுமில்லை. தம் பேரன் வாங்கித் தந்ததாம்.

இரண்டரை மணிக்கு அங்கிருந்து புறப்பட்டோம். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. மூன்று நாட்களுக்குள் மறுபடி எரிந்தால் தொலைபேசியில் சொல்லுமாறு அண்ணை கட்டளையிட்டார். ஓமந்தையில் இப்பொழுது நிற்கவேண்டிய அவசியமில்லை. 1990களில் அடைபட்டுக் கிடந்து, 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டு, போர் முடிந்த பின்னரே முற்றாகத் திறந்த வீதி இது. இன்றோ புளியங்குளமும் கனகராயன்குளமும் மாங்குளமும் யன்னலூடே வழுவிச் செல்கின்றன. ஒரு காலத்தில் நாட்கணக்கில் கடந்த தூரத்தை என் பிள்ளைகள் நித்திரையிலே கடந்தார்கள்.

முறிகண்டியில் நிறுத்தாமற் போகும் தமிழ்ச் சாரதி யார்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, இரண்டு சரை கச்சான் வாங்கினோம். அம்மா கோயிலில் நெடுநேரம் நின்றார். நான் திரும்பி வந்து திறப்பைத் திருப்பியபோது, முதலில் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக ஏறி இறங்கின. பிறகு ஜப்பானியப் பெண்ணும் தன் கேள்வியைக் கேட்டாள்.

ஆனையிறவில் கடனீரேரியின் காற்று உப்பை அள்ளிவந்து கண்ணாடியில் ஒட்டிற்று. இரு புறமும் வெண்மை பூத்த உப்பு நிலம். இக்காற்று குடாநாட்டு வண்டிகளுக்குப் பெரும்பகை. சில்லுகளின் அருகே வேகத்தை அளக்கும் உணரிகளும் அவற்றின் செருகிகளும் உண்டு. உப்புப் படிந்து செருகி துருவேறினால் ஏ.பி.எஸ். என்னும் மஞ்சள் விளக்கு எரியும். வழக்கமான பிரேக் அப்பொழுதும் பிடிக்கும். சடுதியாக அழுத்தும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு மாத்திரம் வேலை செய்யாது. எனவே மழை நாளில் இடைவெளி விட்டு ஓட்டவேண்டும். அதனோடு சேர்ந்து சிவப்புப் பிரேக் விளக்கும் எரியுமானால் வேறு பேச்சில்லை, நிறுத்தவேண்டியதுதான். பளை, கொடிகாமம், சாவகச்சேரி கடந்து, நாவற்குழிப் பாலத்தில் மேல்வானம் சிவக்கத் தொடங்கும்போது வீட்டை அண்மித்திருந்தோம். மறுநாட் காலையில் திவசம் முறைப்படி நடந்தது.

நான்காம் நாள் கராச்சு அண்ணையிடம் தொலைபேசியில் பேசி, விளக்கு எரியவில்லை என்று அறிவித்தேன். அதன் பின் காரை விற்றவருடன் பேசினேன். "சேர், ஜப்பான் வண்டியிலை லைற் வரும் போகும், அதுக்கெல்லாம் யோசிக்கக் கூடாது," என்றார். நான் வாதாடவில்லை. 291 என்ற எண்ணையும் 288 என்ற எண்ணையும் மெதுவாக வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கொயிலின் விலையையும் கூலியையும் வங்கியில் இட்டுவிடுவதாகச் சொன்னார். இரண்டு நாளில் இட்டும்விட்டார். தொலைபேசியை வைக்குமுன் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"சேர், அந்த மெசின் என்ன பெயர்?"